ஒன்ராறியோவில் முதற்படகு: பாவித்த படகுகளில் குடும்பத்துக்கு எது பொருந்தும்?

படகு வாங்க நினைக்கும் நண்பர்கள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இது எப்படி?" என்று கேட்பார்கள். வெள்ளை உடல், நீலக் கோடு, வெயிலில் மின்னும் கண்ணாடி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "போன பனிக்காலத்தில் இது எங்கே நின்றது? யார் இதை மூடி வைத்தார்கள்?"

பலருக்கு இந்தக் கேள்வி விளங்குவதில்லை. கோடையில் ஓட்டத்தானே வாங்குகிறோம்? ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு படகு மே மாதத்தில் தண்ணீரில் இறங்கி ஒக்ரோபரில் கரையேறிவிடும். மீதி மாதங்கள் முழுவதும் உறைபனியில் தரையில் நிற்கும். இங்கே ஓடிக் கெட்ட படகுகளைவிட நின்று கெட்ட படகுகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதற்படகு வாங்கும் குடும்பம் வடிவத்தைப் பார்ப்பதற்கு முன் இயந்திரத்தைப் பார்க்கவேண்டும்; இயந்திரத்தைப் பார்க்கும்போது அது பனிக்காலத்தை எப்படித் தாங்கும் என்று பார்க்கவேண்டும். கீழே நான் படகுகளை ஒப்பிடுவது அந்த அளவுகோலை வைத்துத்தான்.

எங்கள் வீட்டில் படகுப் பேச்சைத் தொடங்கியவர் அப்பா. வல்வெட்டித்துறையில் பிறந்தவர். அந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்க, ஊர் மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு 1938இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்த கதையைக் கேட்டு வளர்ந்தவர். பாவித்த கப்பல் ஒன்று அட்லாண்டிக்கைக் கடந்ததை அறிந்தவர் என்பதால் பழையது என்று எதையும் தள்ளமாட்டார். ஆனால் அடிவயிற்றைத் தடவிப் பார்க்காமல் எதையும் ஏற்கவும் மாட்டார். மார்க்கம் நகரின் சுற்றுவட்டாரத்தில் விற்பனைக்கு நின்ற பதினொரு படகுகளை இரண்டு கோடைகளாக நானும் அவரும் போய்ப் பார்த்தோம். நான் இங்கே எழுதுவதில் பாதி அவர் காட்டித் தந்தது.

முதலில் நீர், பிறகு வாகனம்

எந்தத் தண்ணீரில் ஓடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் படகைத் தேடுவது அளவு எடுக்காமல் சட்டை தைப்பது போன்றது. ரொறன்ரோவைச் சுற்றி வாழும் நம் குடும்பங்களுக்கு மூன்று விதமான நீர் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

வடக்கே, ஒரு மணிநேர ஓட்டத்தில் சிம்கோ ஏரி. பரப்பு 722 சதுர கிலோமீற்றர். ஆழமான இடத்தில் 41 மீற்றர். பேர்ச் மீனுக்குப் பெயர்பெற்றது. பாஸ், பைக், ஏரி ட்ரவுட் எல்லாம் உண்டு. தெற்கு மூலையில் இருக்கும் குக்ஸ் விரிகுடா ஆழம் குறைந்தது, பாசி நிறைந்தது, பிள்ளைகளோடு தூண்டில் போட நல்ல இடம். ஆனால் ஏரியின் நடுப்பகுதி வேறு உலகம். காலையில் எண்ணெய் வார்த்தது போலக் கிடக்கும் நீர், வடமேல் காற்று எழும்பினால் அரை மணியில் மாறிவிடும். கடல் அலை நீளமாக வந்து படகைத் தூக்கி இறக்கும். ஏரி அலை குட்டையானது, ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வந்து அணியத்தில், அதாவது படகின் முன்புறத்தில், அறையும். கடலில் பழகிய அப்பா முதல் நாளே சொன்னார்: "இது கடலைவிடப் பொல்லாதது, தம்பி. மூச்சுவிட இடம் தராது."

வடகிழக்கே கவார்த்தா ஏரிகளும் றைஸ் ஏரியும். ஒடுக்கமானவை, தீவுகளும் ஒதுக்குகளும் நிறைந்தவை. காற்று எழும்பினாலும் ஒதுங்க இடம் கிடைக்கும். இவை ட்ரென்ற்–செவேர்ன் நீர்வழியின் பகுதி. ஒன்ராறியோ ஏரியில் இருக்கும் ட்ரென்ரனிலிருந்து ஜோர்ஜியன் விரிகுடா வரை 386 கிலோமீற்றர் நீளும் வழி அது. படகையும் தண்ணீரையும் சேர்த்துத் தொட்டியோடு ஏறத்தாழ இருபது மீற்றர் உயரத்துக்குத் தூக்கும் பீற்றர்பரோ நீர்ப்பூட்டு 1904இல் திறக்கப்பட்டது, இன்றும் இயங்குகிறது. சொந்தப் படகில் அதற்குள் போய் நின்று மேலே எழும்பும் அனுபவத்தைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். உலாவுவதற்கு இதைவிட நல்ல வழி இந்த மாகாணத்தில் இல்லை என்பேன்.

மூன்றாவது, தெற்கே வீட்டு வாசலில் கிடக்கும் ஒன்ராறியோ ஏரி. 244 மீற்றர் வரை ஆழம் போகும். சினூக் சால்மன் ஆசை பலரை ப்ளஃபர்ஸ் பார்க் துறைக்கு இழுக்கிறது. ஜூன் மாதத்திலும் அந்தத் தண்ணீர் கையை விறைக்க வைக்கும்; விழுந்தவருக்கு நீந்தத் தெரிந்திருந்தாலும் கைகால் சீக்கிரம் வேலை செய்யாது. முதல் ஆண்டில் அங்கே போகாதீர்கள். அதற்கென்று படகும் வாங்காதீர்கள்.

அடுத்தது வாகனம். ரொயோட்டா சியன்னா, ஹொண்டா ஒடிசி போன்ற மினிவான்கள் 3,500 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 1,588 கிலோகிராம் இழுக்கும். சாதாரண ராவ்-4 வகை 1,500 இறாத்தலோடு நின்றுவிடும். அதில் பதினெட்டு அடிப் படகை நினைத்தும் பார்க்கக்கூடாது. விளம்பரத்தில் போடும் எடை பெரும்பாலும் வெறும் உடலின் எடை. இயந்திரம், ட்ரெயிலர், பற்றறி, நங்கூரம், நூறு லீற்றர் பெற்றோலுக்கு ஏறக்குறைய 75 கிலோகிராம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கவேண்டும். ட்ரெயிலரும் சுமையும் சேர்ந்து 1,360 கிலோகிராமை எட்டினால் ட்ரெயிலருக்குத் தனியாக பிரேக் இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். பழைய ட்ரெயிலர்கள் பலவற்றில் பிரேக் பெயருக்கு இருக்கும், பிடிக்காது. படகுக்காகப் புது வாகனம் வாங்கவேண்டிய நிலை வந்தால், அந்தப் படகு உங்களுடைய முதற்படகு அல்ல.

கண்ணைப் பறிக்கும் பௌரைடர்

விற்பனைக்கு வரும் படகுகளில் மலிவாகவும் அழகாகவும் தெரிவது கண்ணாடியிழையில் செய்த பதினேழு, பதினெட்டு அடி பௌரைடர்கள். அணியத்தில் இருவர் மூவர் அமர இருக்கைகள், நடுவில் காற்றுத்தடுப்புக் கண்ணாடி, பின்னால் மெத்தை. பிள்ளைகளைக் காற்றடைத்த வளையத்தில் ஏற்றி இழுத்து விளையாட இதைப்போல் வேறில்லை. நாங்கள் பார்த்த காலத்தில் இருபது வயதான நல்ல தோற்றமுள்ள ஒன்றை எட்டாயிரம், பத்தாயிரம் டொலருக்குள் கேட்டார்கள். அதே வயதுடைய அலுமினியப் படகுக்கு அதைவிட அதிகம் கேட்டார்கள். ஏன் என்று நான் முதலில் யோசிக்கவில்லை.

காரணம் பின்பக்கத்தில் இருக்கிறது. இவற்றில் பல ஸ்டேர்ன் டிரைவ் வகை: கார் இயந்திரம் போன்ற ஒன்று படகுக்குள் படுத்திருக்கும்; புரொப்பெல்லர் தாங்கும் கால் மட்டும் வெளியே நீட்டியிருக்கும். சாதாரணமாக இந்த இயந்திரம் ஏரித் தண்ணீரையே உறிஞ்சித் தன் இரும்பு உடலுக்குள் ஓடவிட்டுக் குளிர்கிறது. ஒக்ரோபரில் அந்தத் தண்ணீரை ஒவ்வொரு துளையாகத் திறந்து வடித்து, உறைதடுப்புத் திரவம் ஊற்றி மூடவேண்டும். ஒரு துளையில் துரு அடைத்துக்கொண்டு தண்ணீர் தங்கினால் போதும். அது பனிக்கட்டியாகி விரிவடைந்து இரும்பைப் பிளந்துவிடும்.

ஒரு வீட்டு முற்றத்தில் நாங்கள் பார்த்த பௌரைடரை நான் கிட்டத்தட்ட வாங்கிவிட்டேன். மெழுகு பூசி மினுக்கியிருந்தார்கள். மகன் அணியத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அப்பா எதுவும் பேசாமல் இயந்திர மூடியைத் தூக்கினார்; எண்ணெய் அளவுக்கோலை உருவி, துணியில் துடைக்காமல் வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் இருந்தது. பிறகு கைவிளக்கை இயந்திரத்தின் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினார். புதிதாகப் பூசிய கறுப்பு வர்ணத்தின் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு கோடு. கோட்டின் அடியில் துரு கசிந்த தடம். விற்பவர் "ஒவ்வொரு ஆண்டும் முறையாகத்தான் மூடி வைத்தோம்" என்றார். பற்றுச்சீட்டு ஒன்றும் இல்லை. எண்ணெயில் தண்ணீர் கலந்த இயந்திரத்தை மாற்றினால் படகின் விலையே அதற்குப் போகும்.

இன்னொரு பலவீனமும் உண்டு. வெளியே இருக்கும் காலையும் படகின் உடலையும் இணைக்கும் இடத்தில் துருத்தி போன்ற ரப்பர் உறைகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் சோதித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டியவை. அவை கிழிந்தால் கட்டி நிற்கும் படகே மூழ்கலாம். மீன்பிடிப்பவருக்கும் பௌரைடர் ஒத்துவராது. தூண்டிலை வைக்க இடமில்லை, எழுந்து நின்று வீச இடமில்லை, கால்விரிப்பில் மீன்சளி ஊறினால் ஆகஸ்ட் முழுவதும் மணக்கும்.

இப்படிச் சொல்வதால் பௌரைடர் எல்லாமே கூடாது என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். நீச்சலும் உலாவலும்தான் உங்களுக்கு வேண்டும், மீன் இரண்டாம் பட்சம் என்றால், பின்புறத்தில் வெளியிணைப்பு இயந்திரம் (அவுட்போர்ட்) தொங்கும் பௌரைடரைத் தேடுங்கள். குறைவாகத்தான் வரும், வந்தால் காத்திருந்ததற்குப் பலன் உண்டு.

அலுமினியம்: என் தெரிவு

பதினாறு முதல் பதினெட்டு அடி, ஆழமான வீ வடிவ அடி, காற்றுத்தடுப்புக் கண்ணாடி, பின்னால் வெளியிணைப்பு இயந்திரம். லண்ட், கியூபெக்கில் கட்டும் பிரின்ஸ்கிராஃப்ட், ஸ்ரார்கிராஃப்ட் போன்ற பெயர்கள் இந்த வகையில் அடிக்கடி கண்ணில் படும். மீன்பிடிக்கவும் குடும்பத்தோடு உலாவவும் என்றே வடிவமைத்த இரட்டை வேலைப் படகுகளும் இவற்றில் உண்டு: அணியத்தில் நின்று தூண்டில் வீசும் மேடையைப் பிரித்தால் இருக்கையாகிவிடும்.

வெளியிணைப்பு இயந்திரத்துக்குப் பனிக்காலத்தில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. செங்குத்தாக இறக்கி நிறுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். கியர் எண்ணெயை மாற்றி, எரிபொருளில் நிலைப்படுத்தும் திரவம் கலந்து சில நிமிடம் ஓடவிட்டு, பற்றறியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தால் பனிக்கால வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். நானே ஒரு சனிக்கிழமை காலையில் முடித்துவிடுகிறேன். முன்னைய உரிமையாளர் ஓர் ஆண்டு சோம்பலாக இருந்திருந்தாலும் இயந்திரம் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். பாவித்த படகு வாங்குபவருக்கு இது எத்தனை பெரிய பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள்: உங்களுக்குத் தெரியாத ஒருவரின் பதினைந்து பனிக்காலங்களை நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள்.

எடையும் சாதகம். இந்த அளவுப் படகு இயந்திரம், ட்ரெயிலர் சேர்த்து பெரும்பாலும் மினிவானின் எல்லைக்குள் அடங்கிவிடும். கல்லில் உரசினால் நசுங்கும், உடையாது. கரையில் மணலில் ஏற்றி நிறுத்தலாம்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. இலேசான உடல் என்பதால் அலையில் அதிகம் குதிக்கும். சிம்கோவின் நடுவில் பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பும்போது முதுகு அதை உணரும். அலை தகரத்தில் அறையும் சத்தம் குழந்தைகளைப் பயமுறுத்தும். றிவெற் ஆணி அடித்துப் பொருத்திய உடலில் ஆண்டுகள் போகப்போக ஆணிகள் தளர்ந்து கசியும். கசிவைக் கண்டுபிடிக்க அப்பா காட்டிய வழி எளிமையானது. படகை ட்ரெயிலரில் வைத்தபடியே, விற்பவரின் தோட்டக் குழாயால் உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் விடச் சொன்னார். அதற்கு மேல் விட்டால் பாரம் ட்ரெயிலரைக் கெடுத்துவிடும். பிறகு சுண்ணக்கட்டியோடு கீழே படுத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் ஓர் ஆணித்தலையின் ஓரத்தில் ஒரு முத்து திரண்டது, வட்டம் போட்டார். இன்னும் பத்து நிமிடத்தில் மூன்று வட்டங்கள். அவை மீண்டும் அடித்து இறுக்கக்கூடியவை. விலையில் 600 டொலர் குறைத்துக்கொண்டோம். உள்ளே விட்ட தண்ணீர் வெளியே வந்தால், வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளேயும் வரும். அவ்வளவுதான் கணக்கு.

அலுமினியம் உக்காது என்று நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. உடல் உக்காது, ஆனால் பழைய படகுகள் பலவற்றில் தரையும், இயந்திரம் தொங்கும் பின்பலகையின் உட்பகுதியும் ஒட்டுப்பலகையால் ஆனவை. தரை முழுவதையும் குதிகாலால் அழுத்தி நடந்து பாருங்கள். எங்காவது மெத்தென்று இறங்கினால் அடியில் பலகை உக்கிவிட்டது. பின்பலகைக்கு, இயந்திரத்தைப் பாதி உயர்த்தி, அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இயந்திரத்தோடு பின்பலகையும் அசைந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

பொன்டூன்: மறுக்க முடியாத போட்டியாளர்

என் மனைவிக்கு இதுதான் பிடித்தது; அவர் சொன்ன நியாயங்கள் பலமானவை. இரண்டு அல்லது மூன்று நீண்ட அலுமினியக் குழாய்கள், அவற்றின்மேல் ஒரு தட்டையான மேடை, சுற்றிலும் வேலி, வாசற்கதவு. கரையிலிருந்து வயதானவர்கள் வீட்டு விறாந்தைக்குள் நுழைவது போல நடந்து ஏறலாம். கவிழும் ஆட்டம் இல்லை. நிழலுக்கு விரிப்பு உண்டு. சிலவற்றில் திரை கட்டிய சிறிய கழிப்பிடம்கூட இருக்கும். நான்கு மணிநேரம் தண்ணீரில் நிற்கும் குடும்பத்துக்கு அது சின்ன விடயம் அல்ல. பல வீடுகளில் பெண்கள் இரண்டாம் தடவை படகில் வர மறுப்பதற்கு அதுவே காரணம்.

வாங்குவதற்கு முன் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். இதை எல்லோருக்கும் சொல்வேன்: நீங்கள் யோசிக்கும் வகையில் ஒரு படகை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள், முற்றத்தில் நிற்கும் பத்துப் படகுகளைப் பார்ப்பதைவிட அதில் அதிகம் விளங்கும். றைஸ் ஏரியில், ஜூலைச் சனிக்கிழமை. அம்மா வேலியோரத்து இருக்கையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இடியப்பப் பெட்டியைத் திறந்தார். சொதி சிந்தவில்லை. மகள் ஒரு மூலையில் தூண்டிலைப் போட்டுவிட்டுப் புத்தகம் வாசித்தாள். அந்த ஒரு நாளை வைத்து முடிவெடுத்திருந்தால் பொன்டூன்தான் எங்கள் வாசலில் நின்றிருக்கும்.

ஆனால் நாங்கள் அதிகம் போக நினைத்தது சிம்கோவுக்கு. இரட்டைக் குழாய்ப் பொன்டூன் குட்டை அலைக்கு எதிராக ஓடும்போது முன்பக்கம் தாழ்ந்து, அலை வேலிக்கதவின் அடியால் உள்ளே ஏறும். பக்கக் காற்று பாயைப் பிடிப்பதுபோல் அதன் உடலைப் பிடிக்கும். துறையில் கட்டுவதற்கே பாடுபடவேண்டும். மூன்று குழாய் வகை நன்றாக ஓடும், விலையும் அதற்கேற்ப ஏறும். ட்ரெயிலரில் இழுப்பதும் இலகுவல்ல. பொன்டூன் ஒரு துறையில் கட்டிவைத்துப் பாவிக்கும் படகு. ஆண்டுதோறும் துறைக் கட்டணம் கட்டத் தயாராக இருக்கவேண்டும். கவார்த்தாவில் யாருக்காவது ஏரிக்கரை வீடு இருந்தால், அல்லது வயதான பெற்றோரே முக்கியப் பயணிகள் என்றால், என் தெரிவைத் தள்ளிவைத்துவிட்டுப் பொன்டூனை வாங்குங்கள். குழாய்களைத் தட்டிப் பாருங்கள். தண்ணீர் புகுந்த அறை மந்தமான சத்தம் தரும்.

மற்ற இரண்டு வகைகள்

உள்ளே படுக்கை அறையுள்ள இருபது, இருபத்திரண்டு அடி கேபின் படகுகள் நீர்வழியில் இரவு தங்கிப் பயணம் செய்ய அருமையானவை. ஆனால் பாரம் அதிகம், மினிவானால் இழுக்க முடியாது, பெரும்பாலும் ஸ்டேர்ன் டிரைவ். மூன்றாவது, நான்காவது ஆண்டில் யோசியுங்கள். அப்போது தேர்ந்த படகுச் சோதனையாளர் ஒருவருக்குக் காசு கொடுத்துப் பார்ப்பிக்கவும் வேண்டும்.

பதினான்கு அடித் தகரப் படகும் பத்துக் குதிரைவலு இயந்திரமும் இரண்டு பேர் மீன்பிடிக்கப் போதும். குடும்பத்துக்குப் போதாது.

இயந்திரத்தோடு ஒரு காலை

எந்தப் படகாக இருந்தாலும், பார்க்க வருவதற்கு முன் இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடாக்கவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் கையை மூடியின்மேல் வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கிறார் என்று நினைப்பதில் தவறில்லை. குளிர்ந்த இயந்திரம் எப்படி உயிர்பெறுகிறது என்பதில் அதன் நலம் தெரியும்.

கீழே இருக்கும் கியர்ப் பெட்டியின் அடித்திருகைச் சிறிது தளர்த்தி எண்ணெயை விரலில் பிடியுங்கள். பால் கலந்தது போல் இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. மினுங்கும் துகள்கள் இருந்தால் பற்சக்கரம் தேய்கிறது. ஒவ்வொரு உருளையிலும் (சிலிண்டரிலும்) அமுக்க அழுத்தத்தை அளந்து பாருங்கள். எண்கள் தம்முள் பத்து வீதத்துக்கு மேல் வேறுபட்டால் காரணம் கேளுங்கள். ஓடும்போது பின்புறத்தில் ஒரு சிறு துளையிலிருந்து தண்ணீர்த் தாரை விடாமல் பாயவேண்டும். அதுதான் குளிரூட்டும் பம்பின் நாடி. புதிய இயந்திரங்களில் கணினியை இணைத்து எத்தனை மணிநேரம் ஓடியது, எத்தனை தடவை அதிகம் சூடானது என்பதையும் வாசித்துவிடலாம். ஒரு திருத்துநருக்கு இருநூறு, முந்நூறு டொலர் கொடுத்து இதையெல்லாம் செய்விப்பது வீண்செலவு அல்ல.

நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ரோக்) இயந்திரத்தையே தேடுங்கள். பழைய இரு வீச்சு இயந்திரம் இலேசானது, எளிமையானது. ஆனால் புகை, சத்தம், எண்ணெய் கலக்கும் வேலை, கூடிய பெற்றோல். மீனுக்காக மெல்ல ஊர்ந்து போகும்போது அந்தப் புகை பின்னால் இருக்கும் பிள்ளைகளின் முகத்தில்தான் அடிக்கும். எவின்ரூட் வெளியிணைப்பு இயந்திரங்களின் உற்பத்தியை பி.ஆர்.பி. நிறுவனம் 2020இல் நிறுத்திவிட்டது. அந்தப் பெயருள்ள நல்ல படகு கிடைத்தால், அருகில் அதைத் திருத்தத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.

வலுவில் கஞ்சத்தனம் வேண்டாம். படகின் உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை பேர், அதிகபட்சம் எத்தனை குதிரைவலு என்று எழுதியிருக்கும். அந்த உச்ச எண்ணின் முக்கால் பங்குக்குக் குறையாத இயந்திரத்தைப் பாருங்கள். ஐந்து பேரோடு நாற்பது குதிரைவலுவில் தவழும் பதினேழு அடிப் படகு, காற்று வரும்போது கரைக்கு நேரத்தோடு திரும்பாது. நாங்கள் வாங்கியது தொண்ணூறு.

தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்கக்கூடாது. இதனால்தான் வாங்க நல்ல மாதம் செப்ரெம்பர் என்கிறேன். விற்பவருக்கு இன்னொரு பனிக்காலச் செலவைத் தவிர்க்கும் எண்ணம் வந்திருக்கும், விலை இறங்கும். ஏரியும் இன்னும் உறையவில்லை. பெப்ரவரியில் பிளாஸ்ரிக் உறைக்குள் சுற்றி நிற்கும் படகை மலிவு என்று வாங்குபவர், பார்க்காத ஒன்றை வாங்குகிறார்.

ட்ரெயிலரை மறந்துவிடாதீர்கள். ஓட்டிப் பார்க்கும் துறைக்கு இழுத்துப்போய் இறங்கியதும் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி; கை வைக்க முடியாவிட்டால் உள்ளே உருள்தாங்கி தேய்ந்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் காட்டும். நெடுஞ்சாலை 404இன் ஓரத்தில் சக்கரம் கழன்ற ட்ரெயிலரோடு ஒரு குடும்பம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கடதாசிகளும் கடமைகளும்

பின்பலகையின் வலது மேல்மூலையில் பொறித்திருக்கும் உடல் இலக்கத்தை வாசியுங்கள். அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் எந்த ஆண்டு மாதிரி என்பதைச் சொல்லும். 2009 என்று விளம்பரம் போட்டு 04 என்று முடிந்த ஒரு படகை நாங்கள் பார்த்தோம். விற்பவரின் பெயரை வைத்து, படகின்மேல் கடன் பொறுப்பு இருக்கிறதா என்று மாகாணப் பதிவேட்டில் தேடிப்பாருங்கள். கடன் இருந்தால் அது படகோடு உங்களிடம் வந்து சேரும். தனியாரிடம் வாங்கினாலும் 13 வீத மாகாண வரி உண்டு. விலையைப் பேசும்போதே அதையும் கணக்கில் எடுங்கள்.

பத்துக் குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள படகுக்கு உல்லாசப் படகு அனுமதி இலக்கம் வேண்டும். உங்கள் பெயருக்கு மாற்றி, அணியத்தின் இரு பக்கமும் தெளிவாக எழுதியிருக்கவேண்டும். இயந்திரப் படகை ஓட்டும் எவரும் 2009 செப்ரெம்பரிலிருந்து படகோட்டுநர் அட்டை வைத்திருக்கவேண்டும். ஒரு தடவை பரீட்சை எழுதினால் வாழ்நாளுக்கும் செல்லும். கணவர் மட்டும் எழுதினால் போதாது, மனைவியும் எழுதட்டும். தண்ணீரில் ஒருவருக்கு மயக்கம் வந்தால் மற்றவர் கரைக்கு ஓட்டத் தெரிந்திருக்கவேண்டும். மீன்பிடி உரிமத்தில் நம் குடும்பங்களுக்கு ஒரு நல்ல செய்தி: பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களும் அறுபத்தைந்தும் அதற்கு மேலும் ஆனவர்களும் அதை வாங்கவேண்டியதில்லை, அடையாள அட்டை போதும். எங்கள் படகில் அப்பாவும் பிள்ளைகளும் அப்படித்தான் தூண்டில் போடுகிறார்கள்.

உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று, அவரவர் உடலுக்குப் பொருந்தும் அளவில் இருக்கவேண்டும் என்கிறது சட்டம். படகில் வைத்திருந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், அணிந்துகொள்ளுங்கள். பாவித்த படகோடு இலவசமாக வரும் பழைய அங்கிகளை நம்பவேண்டாம். பூஞ்சணம் பிடித்த அங்கியைக் குழந்தைக்கு மாட்டிவிட எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டார். மதுவை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். குடித்துவிட்டுப் படகோட்டிக் குற்றம் நிரூபணமானால் கார் ஓட்டும் உரிமமும் போகும்.

பெரும்பாலான படகுகளில் பின்பலகையின் அடியில் பெருவிரல் அளவில் ஒரு தக்கை இருக்கிறது. ஏரிகளுக்கிடையே அந்நிய உயிரினங்கள் பரவாமல் இருக்க, படகைத் தரைவழி கொண்டுபோவதற்கு முன் அந்தத் தக்கையைக் கழற்றி நீரை வடித்து, ஒட்டியிருக்கும் பாசிகளை நீக்கவேண்டும் என்று 2022 தொடக்கத்திலிருந்து ஒன்ராறியோவில் சட்டம் இருக்கிறது. கழற்றியதைத் திரும்பப் பூட்ட மறப்பவர்கள்தான் இறங்குதுறையில் படகை மூழ்கடிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு ஒன்பது வயது மகளுடையது. வீடு திரும்பும்போது அவளே கழற்றித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வாள். அடுத்த தடவை துறைக்கு வந்ததும் குனிந்து கையால் திருகி, இறுக்கிப் பார்த்து, "பூட்டிவிட்டேன் அப்பா" என்று சத்தமாகச் சொல்லும் வரை நான் வாகனத்தைப் பின்னால் எடுப்பதில்லை.